டிரெய்லரை மாட்டியதும் எஸ்யூவியின் பின்பக்கம் அமுங்குகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பெரிய எஸ்யூவியில் டிரெய்லரை மாட்டினால் பின்பக்கம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஸ்பிரிங் என்றால் எடைக்கு அமுங்க வேண்டும், அதில் கோளாறு எதுவும் இல்லை. பின்னால் எவ்வளவு இறங்கியது என்பதைவிட முன்னால் எவ்வளவு தூக்கியது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பம்பர் தரையை நோக்கிப் போவது யார் கண்ணிலும் படும். முன் சக்கரங்களின் மேல் இருந்த எடை குறைந்துபோனது கண்ணில் படாது. வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் பெரும்பாலும் அந்த முன் சக்கரங்களின் வேலை. பின்பக்கத்தைத் தூக்கிவிடும் சாமான் கடையில் நிறையக் கிடைக்கிறது. அதில் எது உங்கள் வண்டிக்கு மருந்து, எது வெறும் பூச்சு என்பது அறிகுறியைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் டேப்பை எடுங்கள்

சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். பயணத்துக்குப் போகும்போது எப்படி இருக்குமோ அப்படியே டேங்க் நிறைய எரிபொருள், உள்ளே ஆட்கள், பின்னால் சாமான் எல்லாம் இருக்கட்டும். டிரெய்லர் மட்டும் வேண்டாம். நான்கு சக்கரங்களிலும் சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் அமுங்குவதும் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால்தான் நடுவிலிருந்து. அப்புறம் டிரெய்லரை மாட்டி, சில மீட்டர் முன்னே ஓட்டி நிறுத்தி, மறுபடி அளக்க வேண்டும். ஓட்டாமல் அளந்தால் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் பழைய நிலையிலேயே பிடித்துக்கொண்டு தப்பான அளவு காட்டும்.

முடிந்தால் எடை மேடைக்கும் போய்விடுங்கள். டிரெய்லர் இல்லாமல் முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக ஒருமுறை, டிரெய்லரோடு ஒருமுறை. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒவ்வொரு அச்சுக்கும் மொத்த வண்டிக்கும் உள்ள எடை வரம்பு அச்சிட்டிருக்கும். அந்த எண்களும் எடை மேடை தரும் சீட்டும் கையில் இருந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

எஸ்யூவியின் மூக்கு தூக்குகிறது, ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது

எல்லா அறிகுறிகளிலும் இதுதான் முக்கியம், ஆபத்தும் இதில்தான். கூடவே ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஈரச் சாலையில் திருப்பினால் வண்டி ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பும்.

காரணம் நெம்புகோல் கணக்கு. டிரெய்லரின் மூக்கு, எஸ்யூவியின் பின்னால் அதை மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் இறக்கும் எடையை டங் வெயிட் என்கிறார்கள். அந்தப் பந்து பின் அச்சுக்கு மேல் இல்லை, அதற்கும் ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் தள்ளி இருக்கிறது. சீசா பலகையின் ஒரு முனையில் ஆள் உட்கார்ந்தால் மறுமுனை மேலே போவதுபோல, பின் அச்சைத் தாங்குபுள்ளியாக வைத்து முன்பக்கம் தூக்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர், பின் அச்சிலிருந்து பந்துக்கு 1.3 மீட்டர், டிரெய்லர் 2500 கிலோ, அதில் 12 சதவீதமான 300 கிலோ பந்தின் மேல். முன் அச்சு இழப்பது 300 பெருக்கல் 1.3 வகுத்தல் 3, அதாவது 130 கிலோ. பின் அச்சுக்குக் கூடுவது 300 மட்டும் அல்ல, 430 கிலோ. பின் ஸ்பிரிங் திணறுவது ஏன் என்று இப்போது புரியும்.

ஆகவே முதல் வேலை டங் வெயிட்டை அளப்பது. குளியலறை எடைக் கருவியே போதும். உறுதியான ஒரு பலகையின் ஒரு முனையைக் கருவியின் மேலும் மறுமுனையை அதே உயரமுள்ள கட்டையின் மேலும் வையுங்கள். இரண்டு தாங்குபுள்ளிகளுக்கும் இடையே 90 செ.மீ. கட்டைப் பக்கத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, பந்தைக் கவ்வும் டிரெய்லரின் கப்ளரை, ஓடும்போது இருக்கும் உயரத்திலேயே, பலகை மேல் இறக்குங்கள். கருவி காட்டும் எண்ணை 3 ஆல் பெருக்கினால் டங் வெயிட். டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தடை வைத்துவிட்டுச் செய்யுங்கள், அவிழ்த்த டிரெய்லர் உருள ஒரு சின்னச் சரிவு போதும்.

வட அமெரிக்க வகை கனமான டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஐரோப்பிய வகை கேரவன்களில் 5 முதல் 7 சதவீதம். 3500 கிலோ இழுக்கும் பெரிய எஸ்யூவிகள் பலவற்றில் பந்தின் வரம்பு 350 கிலோ. உங்கள் எண் வரம்புக்கு மேலே இருந்தால் முதலில் சாமானை நகர்த்துங்கள். டிரெய்லரின் மூக்கில் இருக்கும் ஜெனரேட்டர், கருவிப் பெட்டி, முன் தண்ணீர்த் தொட்டி ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். அவற்றை டிரெய்லர் அச்சுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். அச்சுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது. பின்னால் கனம் ஏறினால் எஸ்யூவி அழகாகச் சமநிலையில் நிற்கும், ஆனால் வேகம் எடுத்ததும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அமுக்கத்தைக் குறைக்க 10 சதவீதத்துக்குக் கீழே இறக்கும் வேலையை, அந்த வகை டிரெய்லரில், யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அமுங்கிய வண்டி அசௌகரியம், ஆடும் டிரெய்லர் உயிருக்கு ஆபத்து.

எஸ்யூவிக்குள்ளும் இதே கணக்கு. மூன்றாம் வரிசைக்குப் பின்னால் அடுக்கும் பெட்டிகள் பின் அச்சைத் தாண்டி நிற்கின்றன. கனமானவற்றை இரண்டாம் வரிசைக் காலடிக்கு மாற்றினால் பைசா செலவில்லாமல் பின்பக்கம் ஏறும். பந்தைத் தாங்கும் பால் மவுண்ட் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் குட்டையானதை மாட்டுங்கள். மேலே சொன்ன வண்டியில் 10 செ.மீ. குறைந்தாலே முன் அச்சுக்கு 10 கிலோ திரும்பக் கிடைக்கிறது.

இத்தனைக்கும் பிறகு டங் வெயிட் நியாயமான அளவில் இருந்தும் மூக்கு தூக்கினால், எடை பகிரும் ஹிட்ச்தான் சரியான மருந்து. இதில் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் டிரெய்லரின் முன் சட்டத்திலிருந்து ஹிட்ச் தலையை நெம்புகின்றன. பின் அச்சிலிருந்து எடுத்த எடையில் ஒரு பங்கு முன் அச்சுக்குப் போகிறது, இன்னொரு பங்கு டிரெய்லரின் அச்சுக்குப் போகிறது. இழந்த எடையை முன் சக்கரங்களுக்குத் திருப்பித் தருவதற்கென்றே செய்த சாதனம் இது. ரப்பர், காற்றுப் பை, கெட்டி ஸ்பிரிங் எல்லாம் பின்பக்கத்தைத் தூக்கும், ஆனால் மேலே சொன்ன 130 கிலோ முன்னால் திரும்பி வராது.

சரிபார்ப்பது முன் ஃபெண்டரில். மாட்டாதபோது 50 செ.மீ., கம்பி இல்லாமல் மாட்டியபோது 53 செ.மீ. என்றால், கம்பி பூட்டிய பின் 51.5 செ.மீ. அளவுக்கு வருவது, அதாவது தூக்கியதில் பாதி இறங்குவது, பல தயாரிப்பாளர்கள் சொல்லும் இலக்கு. உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு. 50-க்கும் கீழே இறக்கவே கூடாது. அப்படி இறக்கினால் பின் சக்கரங்களின் பிடி குறையும், ஹிட்ச்சைச் செருகும் ரிசீவர் சட்டத்துக்கும் தேவையில்லாத முறுக்கு.

வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். ரிசீவரில் ஒட்டியிருக்கும் தகட்டில் எடை பகிராமல் எவ்வளவு, எடை பகிர்ந்து எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் இருக்கும். எடை பகிராத நிலையில் 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோதான் என்று எழுதியிருப்பது சகஜம். மேலே சொன்ன 300 கிலோ டங் வெயிட் அப்போதே வரம்பு மீறியது. இரண்டாவது, சில எஸ்யூவிகளில், முக்கியமாகக் காற்று சஸ்பென்ஷன் உள்ள சிலவற்றில், இந்த வகை ஹிட்ச்சே கூடாது என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பார். எஸ்யூவி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் அழுத்தத்தால் இயங்கும் சர்ஜ் பிரேக் உள்ள டிரெய்லரானால், அந்த பிரேக்கோடு ஒத்துப்போகும் ஹிட்ச்தானா என்றும் கேட்டுவிடுங்கள்.

எடை பகிரும் ஹிட்ச் மாட்டியும் பின்பக்கம் அப்படியே இருக்கிறது

கம்பிகள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டங் வெயிட்டை முன்னமே அளந்திருந்தால் பதில் சீக்கிரம் கிடைக்கும். காலி டிரெய்லரின் எடையை வைத்து வாங்கிய கம்பி, சாமான் ஏற்றிய டிரெய்லருக்குப் போதாது. கம்பியின் தரம் சாமான் ஏற்றிய டங் வெயிட்டோடு பொருந்த வேண்டும். தரம் சரி என்றால் ஹிட்ச் தலையின் சாய்வைப் பாருங்கள். தலையைப் பின்னோக்கிச் சாய்த்தால் கம்பிகளின் முனை தாழ்ந்து, சங்கிலியோ பிராக்கெட்டோ இழுக்கும்போது இறுக்கம் கூடும். சாய்வை மாற்ற வாஷர்களோ பற்களோ இருக்கும். ஒவ்வொரு படியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் முன் ஃபெண்டரை அளந்து போங்கள்.

பூட்டும்போது ஜாக்கியால் டிரெய்லர் மூக்கையும் எஸ்யூவியின் பின்பக்கத்தையும் சேர்த்தே உயர்த்திவிட்டுக் கம்பியை மாட்டினால் கைக்குச் சிரமம் இருக்காது. வலுக்கட்டாயமாக நெம்பி மாட்ட வேண்டிய நிலை வந்தால் எங்கோ தப்பு இருக்கிறது. அவிழ்க்கும்போதும் அப்படியே உயர்த்திவிட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். இறுக்கமாக இருக்கும் கம்பி விடுபட்டால் எலும்பை முறித்துவிடும், முகத்தையும் காலையும் அதன் பாதையில் வைக்காதீர்கள்.

பள்ளத்தில் இறங்கினால் பின்னால் "டம்" என்று இடிக்கிறது

சஸ்பென்ஷன் தன் பயண தூரம் தீர்ந்து பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் மோதுகிறது. கீழே குனிந்து அந்த ரப்பரைப் பாருங்கள். இப்போதைய எஸ்யூவிகள் பலவற்றில் அது வெறும் தடுப்பு இல்லை. நுரை போன்ற பாலியூரித்தேனால் செய்த, கொஞ்சம் கொஞ்சமாக இறுகும் துணை ஸ்பிரிங் அது. பாரம் ஏறினால் லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்பதே அதன் வடிவமைப்பு. அது உதிர்ந்தோ பிளந்தோ போயிருந்தால் புதிதாக மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீரும்.

ரப்பர் நன்றாக இருந்தும் இடித்தால், மூக்கு தூக்கும் பிரச்சினையை முதலில் தீர்த்துவிட்டு இங்கே வாருங்கள். அதற்குப் பிறகும் இடித்தால் காயில் ஸ்பிரிங்குக்குள் செருகும் காற்றுப் பை நல்ல தீர்வு. வழக்கமான வகையில் குறைந்தது 5 பிஎஸ்ஐ எப்போதும் இருக்க வேண்டும், அதிகபட்சம் 35 பிஎஸ்ஐ. காலியாக விட்டு ஓட்டினால் பை ஸ்பிரிங் சுருள்களுக்கிடையே நசுங்கிக் கிழியும். இடது வலது பைகளுக்குத் தனித்தனி வால்வு வையுங்கள். இரண்டையும் ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் திரும்பும்போது காற்று அமுங்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும்.

எடை பகிரும் ஹிட்ச்சும் காற்றுப் பையும் சேர்ந்து இருந்தால் வரிசை முக்கியம். பையில் குறைந்தபட்சக் காற்றோடு முதலில் ஹிட்ச்சை அமைத்து, முன் ஃபெண்டர் இலக்குக்கு வந்ததும் நிறுத்துங்கள். மீதி அமுக்கத்துக்கு மட்டும் பையில் கொஞ்சம் காற்று ஏற்றி, முன் அளவை மறுபடி பாருங்கள். ஹிட்ச்சைப் பூட்டிவிட்டுப் பையை நிறைய ஊதினால் பின்பக்கம் மேலே வந்து கம்பிகளின் இறுக்கம் தளர்ந்துவிடும். வண்டி பார்க்கச் சமமாக நிற்கும், எடை மட்டும் மறுபடி முன்னாலிருந்து போயிருக்கும். தேடிப் பிடிக்கக் கஷ்டமான நிலை இது.

டிரெய்லர் இல்லாமலே தாழ்ந்து நிற்கிறது

ஸ்பிரிங் களைத்துவிட்டது. வருஷக்கணக்கில் பாரம் சுமந்த எஃகு தன் உயரத்தை மெல்ல இழக்கும். அந்த மாடலுக்கு உரிய உயரத்தோடு உங்கள் அளவை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் காயில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். அது ஸ்பிரிங் உட்காரும் குழிக்குள் மறைந்திருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். உடைந்தது ஒன்றானாலும் மாற்றுவது ஜோடியாகத்தான்.

எப்போதும் டிரெய்லரோடுதான் போகிறீர்கள் என்றால் மாற்றும்போதே கூடுதல் பாரத்துக்கான ஸ்பிரிங் போடலாம். "ஹெவி டியூட்டி" என்ற பெயரைப் பார்த்து வாங்காமல், நிரந்தரமாக இத்தனை கிலோ என்று எழுதியிருக்கும் எண்ணை எடை மேடைச் சீட்டோடு பொருத்துங்கள். வருஷத்தில் ஓரிரு தடவை மட்டும் இழுப்பவருக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். மீதி நாளெல்லாம் காலி வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகைக் குலுக்கும்.

பின் ஷாக் அப்சார்பர், அதாவது ஷாக், மாற்றிய பிறகுதான் தாழ்ந்தது என்றால் வேறு கதை. சில எஸ்யூவிகளில் பின்னால் நிவோமாட் போன்ற, தானாக உயரம் சரிசெய்யும் ஷாக் தொழிற்சாலையிலேயே வருகிறது. அது பாரத்தின் ஒரு பங்கைத் தானே தாங்கும் என்பதால் கூடவே மென்மையான ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். அதைக் கழற்றிச் சாதா ஷாக் போட்டால் அந்த மென்மையான ஸ்பிரிங் தனியாகத் தவிக்கும். ஒன்று அதே வகை ஷாக் போடுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். இந்த வகை ஷாக்குக்கு வெளியே மோட்டாரோ குழாயோ கிடையாது, சாலையின் குலுக்கலிலேயே தன்னைப் பம்ப் செய்துகொள்ளும். அதனால் நிற்கும்போது தாழ்ந்திருப்பது இயல்பு. ஓரிரு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அளந்து முடிவெடுங்கள்.

காற்று சஸ்பென்ஷன் பாரத்துக்கு ஏறவில்லை

எஞ்சின் ஓடும்போது கம்ப்ரசர் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்கவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் கம்ப்ரசர். நீண்ட நேரம் ஓடிச் சூடாகித் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கவும் கூடும், ஆறவிட்டுப் பாருங்கள். ஓடுகிறது ஆனால் ஏறவில்லை என்றால் காற்று எங்கோ கசிகிறது, அல்லது கம்ப்ரசரின் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. இரவில் நிறுத்திய வண்டி காலையில் நன்றாகத் தாழ்ந்திருந்தால் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். சோப்புத் தண்ணீரைப் பையின் மடிப்புகளிலும் குழாய் இணைப்புகளிலும் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். கசிவைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் போய்விடும்.

உயர உணரியின் சின்னக் கம்பி கழன்றோ உடைந்தோ இருந்தாலும் வண்டி தன் உயரம் தெரியாமல் சும்மா இருக்கும். விலை உயர்ந்த பாகங்களுக்குப் போகும் முன் இதைப் பாருங்கள். கதவு திறந்திருந்தால் பல வண்டிகள் உயரத்தை மாற்றாது என்பதையும் மறக்க வேண்டாம். அடியில் கை வைக்கும் முன் கையேட்டில் சொன்ன ஜாக்கி நிலைக்கு மாற்றி, ஸ்டாண்டில் நிறுத்தியே ஆக வேண்டும். காற்று இறங்கினால் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டி உங்கள் மேல் இறங்கும்.

மேடு தாண்டிய பிறகும் முன்னும் பின்னும் ஊசலாடுகிறது

ஷாக் தேய்ந்துவிட்டது. எண்ணெய் கசிந்த தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் சாதா ஷாக் எடையைத் தாங்காது, ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை. புது ஷாக் போட்டால் வண்டி உயரும் என்று நம்பிச் செலவு செய்பவர்கள் நிறைய. ஊசலாட்டம் நிற்கும், அமுக்கம் அப்படியே இருக்கும்.

எஸ்யூவி சமமாக நிற்கிறது, டிரெய்லரின் மூக்கு மட்டும் கீழே

பந்தின் உயரம்தான் தப்பு. டிரெய்லரைச் சமமாக நிறுத்திக் கப்ளரின் உயரத்தை அளந்து, மாட்டிய பிறகு பந்து அதே உயரத்துக்கோ சற்றே தாழ்வாகவோ வரும்படி பால் மவுண்டை மாற்றுங்கள். மூக்கு மேலே நிற்பது நல்லதல்ல.

பின் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது

தனித்தனி பின் சஸ்பென்ஷன் உள்ள எஸ்யூவி அமுங்கும்போது சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும். அமுங்கியபடியே நெடுந்தூரம் போனால் உள்விளிம்பு தேயும். உயரத்தைச் சரிசெய்த பிறகே வீல் அலைன்மென்ட் செய்யுங்கள், முன்னால் செய்தால் வீண். பின் டயர்களில் முழுப் பாரத்துக்கு உரிய காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர்ந்த டயரில், ஸ்டிக்கரோ கையேடோ பாரத்துக்குச் சொல்லும் அளவு.

வண்டி நேராக நிற்கிறது, எடை மேடைச் சீட்டு மட்டும் வரம்பைத் தாண்டுகிறது

கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும்போது இதை ஒப்புக்கொள்வது கஷ்டம். காற்றுப் பையோ ஸ்பிரிங்கோ ஸ்டிக்கரில் இருக்கும் வரம்பை ஒரு கிலோகூட உயர்த்துவதில்லை. அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையவைதான். டங் வெயிட்டும் வண்டியின் சுமையில்தான் சேரும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 600 கிலோ சுமக்கக்கூடிய எஸ்யூவியில் 300 கிலோ டங் வெயிட் போனால் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் ஹிட்ச்சுக்கும் சேர்த்து மீதி 300தான்.

குறைக்க வேண்டிய வரிசை இது: மேல்கூரைச் சாமான், மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருப்பவை, டிரெய்லரில் போகும் இடத்திலேயே நிரப்பிக்கொள்ளக்கூடிய தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே 100 லிட்டர் தொட்டி காலியானால் 100 கிலோ குறையும். தொட்டி டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் இருந்தால் மட்டும், காலி செய்ததும் டங் வெயிட் கூடிவிடும், மறுபடி அளந்துவிடுங்கள். இவ்வளவு குறைத்தும் பின் அச்சு வரம்புக்கு மேலே நின்றால் அந்த டிரெய்லர் அந்த எஸ்யூவிக்குப் பெரியது, சின்ன டிரெய்லரோ பெரிய வண்டியோ பார்க்க வேண்டியதுதான்.